ஆலைக் கணக்கு மென்பொருளான கதை: இராஜபாளையம் குடும்பத்திடம் கேமரன் மலை கற்க வேண்டியது

கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்குக் கணக்கு என்றதும் முதலில் நினைவுக்கு வருவது தராசுதான். காலையில் பெரட்டு முடிந்து மலையேறி, கூடை நிறையக் கொழுந்து பறித்து, நிறுக்கும் இடத்தில் வரிசையில் நின்றால், கிராணியார் எடையைப் புத்தகத்தில் எழுதுவார். ஈரம் என்று கொஞ்சம் கழிப்பார். அவர் எழுதியதுதான் கூலி. எழுதியது சரிதானா என்று பார்க்க, பறித்தவர் கைக்கு அந்தப் புத்தகம் வராது. தோட்டத்தில் வேலை செய்த என் பாட்டி எழுபது வயதைத் தாண்டிய பிறகும், "அன்னைக்கு ரெண்டு ராத்தல் கொறச்சிட்டாங்கய்யா" என்று ஏதோ ஒரு நாளின் கணக்கைச் சொல்லிக் கொண்டிருப்பார்.

அந்தப் புத்தகம் இன்று கணினிக்குள் போய்விட்டது. தோட்டம், ஆலை, கிடங்கு, கடை, சம்பளப் பட்டியல் ஆகிய அனைத்தின் கணக்கையும் ஒரே இடத்தில் இணைத்து வைப்பதற்கு உற்பத்தி மென்பொருள் என்று பெயர். இந்த மென்பொருளைச் செய்யும் நிறுவனங்கள் பெரும்பாலும் மேலை நாடுகளில், கணினி நிபுணர்களால் தொடங்கப்பட்டவை என்ற எண்ணம் நம்மிடையே உண்டு. உண்மையில் இத்துறையின் முக்கியமான சில நிறுவனங்கள், ஏற்கெனவே ஆலையோ வியாபாரமோ நடத்தி வந்த குடும்பங்களிலிருந்து வந்தவை. அவற்றுள் ஒன்று தமிழ்நாட்டின் இராஜபாளையத்தில் வேர் கொண்ட ராம்கோ குடும்பத்தின் ராம்கோ சிஸ்டம்ஸ். அந்நிறுவனம் எப்படி வளர்ந்தது, எங்கே தடுமாறியது, கேமரன் மலையிலுள்ள குடும்பத் தொழில்களுக்கும் இளைஞர்களுக்கும் அதில் என்ன இருக்கிறது என்பதை இக்கட்டுரை தொகுத்துத் தருகிறது.

தேயிலை ஆலையில் ஓடும் கணக்கு

மென்பொருளைப் புரிந்துகொள்ள முதலில் ஆலையைப் புரிந்துகொள்ள வேண்டும். கேமரன் மலையில் இதற்கு எடுத்துக்காட்டுத் தேடி அலைய வேண்டியதில்லை. ஜே.ஏ. ரஸ்ஸல் 1929 இல் தொடங்கிய 'போ' தேயிலை நிறுவனம் இன்றும் அதே குடும்பத்தின் கையில்தான் இருக்கிறது. 1933 இல் தொடங்கிய பாரத் தேயிலையும் இந்தியாவிலிருந்து வந்த ஒரு குடும்பத்தின் தொழில்தான். ஆக, இங்கே தேயிலைத் தொழிலே தலைமுறைகளாகக் குடும்பத் தொழிலாக நடந்து வருகிறது.

சுங்கை பாலாஸ் தேயிலை மையத்துக்குப் போனவர்கள் ஆலை இயங்குவதைப் பார்த்திருப்பார்கள். பறித்து வந்த கொழுந்தை முதலில் பல மணி நேரம் காற்றோட்டத்தில் வாட்டுகிறார்கள். பின்னர் உருட்டும் எந்திரத்தில் இலை நசுங்கிச் சாறு வெளிவருகிறது. அதைச் சிறிது நேரம் பரப்பி வைத்தால் காற்று பட்டுப் பச்சை நிறம் செம்பு நிறமாக மாறுகிறது. அதன் பிறகு சூடான காற்றில் காயவைத்து, சலித்துத் தரம் பிரிக்கிறார்கள். இத்தனைக்கும் பிறகுதான் அது தேயிலைத் தூள்.

பச்சைக் கொழுந்தின் எடையில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்குக்கு மேல் தண்ணீர். காய்ந்த தூளில் தண்ணீர் சுமார் 3 விழுக்காடுதான். அதனால் 1 கிலோ தூள் கிடைக்க, பொதுவாக நான்கரை முதல் ஐந்து கிலோ கொழுந்து தேவைப்படுகிறது. ஓர் ஆலைக்கு ஒரு நாளில் 10,000 கிலோ கொழுந்து வந்தால் ஏறக்குறைய 2,150 கிலோ தூள் வர வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 1,950 கிலோதான் வந்தது என்றால், மீதி 200 கிலோ எங்கே போனது?

மழையில் நனைந்த கொழுந்தை நிறுத்ததால் தண்ணீரின் எடை சேர்ந்திருக்கலாம். வாட்டும்போது பக்குவம் தவறியிருக்கலாம். சலிக்கும் இடத்தில் கழிவு கூடியிருக்கலாம். தராசு பிழையாக இருக்கலாம். யாரோ மூட்டையை மாற்றியும் இருக்கலாம். இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல, தோட்டத்தின் எடைப் புத்தகம், ஆலையின் பதிவேடு, கிடங்கின் இருப்புப் பட்டியல் மூன்றும் ஒன்றோடொன்று பேச வேண்டும். பழைய முறையில் மூன்றும் மூன்று கிராணிகளிடம், மூன்று அலமாரிகளில் இருந்தன. மாதக் கடைசியில்தான் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். அதற்குள் தூள் விற்று, குடித்தும் முடிந்திருக்கும்.

உற்பத்தி மென்பொருள் என்ன செய்கிறது?

உற்பத்தி மென்பொருள் அந்த மூன்று புத்தகங்களையும் ஒரே புத்தகமாக்குகிறது. இதன் அடிப்படை வேலைகள் நான்கு.

முதலாவது, பொருள் பட்டியல். 2 கிராம் பை 50 கொண்ட ஒரு பெட்டி தேயிலைக்கு 100 கிராம் தூள், 50 வடிதாள் பைகள், நூல், அட்டை, வெளிப்பெட்டி ஒன்று தேவை. இதை ஒருமுறை மென்பொருளில் பதிந்துவிட்டால் போதும்.

இரண்டாவது, தேவைக் கணக்கு. 10,000 பெட்டிகள் வேண்டும் என்று ஒரு பேரங்காடியிலிருந்து ஆர்டர் வந்தால், 1,000 கிலோ தூளும் 5 லட்சம் பைகளும் வேண்டும் என்று மென்பொருள் பிரித்துச் சொல்லும். அந்த 1,000 கிலோ தூளுக்கு ஏறத்தாழ 4,650 கிலோ கொழுந்து தேவை என்று தோட்டம் வரை பின்னோக்கிப் போய்ச் சொல்லும். கையில் இருப்பது எவ்வளவு, வாங்க வேண்டியது எவ்வளவு, எந்த நாளுக்குள் வாங்க வேண்டும் என்பதையும் காட்டும்.

மூன்றாவது, அடக்க விலை. கொழுந்து, விறகு அல்லது எரிபொருள், மின்சாரம், கூலி, எந்திரத் தேய்மானம் எல்லாம் சேர்ந்து ஒரு கிலோ தூளுக்கு எவ்வளவு செலவானது என்ற கணக்கு. இது தெரியாமல் விலை வைத்தால், நிறைய விற்றும் நட்டப்பட நேரிடும்.

நான்காவது, தடம். கடையில் வாங்கிய பெட்டியில் குறை இருந்தால், அது எந்த நாள் காய்ந்த தூள், எந்தப் பகுதிக் கொழுந்து என்று பின்தொடர்ந்து பார்க்க முடியும்.

பொருள் தேவைத் திட்டமிடல் என்ற இந்த முறையை 1964 இல் அமெரிக்காவில் ஜோசப் ஓர்லிக்கி வடிவமைத்தார். 1975 இல் அதைப் பற்றி அவர் எழுதிய நூல் இத்துறையின் அடிப்படை நூலானது. பின்னர் கொள்முதல், விற்பனை, நிதி, சம்பளம் எல்லாம் இதனுடன் சேர்ந்தன. 1990 இல் இந்த முழுத் தொகுப்புக்கு நிறுவன வளத் திட்டமிடல் என்ற பெயர் வந்தது. இப்போது எல்லாரும் ஈ.ஆர்.பி. என்கிறார்கள். இத்துறையின் மிகப் பெரிய பெயரான ஜெர்மனியின் எஸ்.ஏ.பி. நிறுவனத்தை 1972 இல் ஐ.பி.எம். நிறுவனத்திலிருந்து விலகிய ஐந்து பொறியாளர்கள் தொடங்கினார்கள். அவர்களின் முதல் வாடிக்கையாளர் ஒரு நைலான் ஆலை. அந்த ஆலையின் தேவைக்காகத்தான் அவர்கள் முதல் மென்பொருளை எழுதினார்கள்.

கணினி செய்த தேநீர்க் குடும்பம்

எஸ்.ஏ.பி.க்கும் முன்பே இந்தத் துறையில் ஒரு தேநீர்க் குடும்பம் காலடி வைத்தது என்பது நம்மில் பலருக்குத் தெரியாத செய்தி.

இங்கிலாந்தின் ஜே. லயன்ஸ் நிறுவனம், சால்மன், குளுக்ஸ்டீன் என்ற உறவுக் குடும்பங்கள் நடத்திய நிறுவனம். 1894 இல் லண்டன் பிக்காடிலியில் முதல் தேநீர்க்கடையைத் திறந்தது. பிறகு தேயிலைக் கலப்பு, ரொட்டி, கேக், ஐஸ்கிரீம் என்று பெரிய உணவு உற்பத்தியாளராக வளர்ந்தது. விற்பனை பெருகப் பெருக, சில்லறைக் கணக்கு எழுதும் குமாஸ்தாக்களின் எண்ணிக்கையும் பெருகியது. ஒரு கோப்பைத் தேநீரில் கிடைக்கும் லாபம் மிகச் சிறியது. அதற்கான கணக்கு எழுதும் செலவு அதை விழுங்கிவிடக் கூடாது என்பதே அவர்களின் கவலை.

1947 இல் நிறுவன அதிகாரிகள் இருவர் அமெரிக்கா சென்று, அப்போதுதான் உருவாகி வந்த கணினிகளைப் பார்த்தார்கள். கணித ஆய்வுக்காகச் செய்யப்படும் இந்த எந்திரம் அலுவலகக் கணக்கையும் போடுமே என்று அவர்களுக்குத் தோன்றியது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கணினித் திட்டத்துக்கு லயன்ஸ் நிறுவனம் 3,000 பவுன் உதவி செய்து, அந்த அறிவைக் கொண்டு தனக்கென ஒரு கணினியைச் செய்துகொண்டது. அதன் பெயர் லியோ. 1951 நவம்பரில் அது ரொட்டித் தொழிற்சாலைகளின் உற்பத்தி மதிப்புக் கணக்கைத் தொடர்ந்து செய்யத் தொடங்கியது. உலகில் அன்றாட வணிகக் கணக்கைச் செய்த முதல் கணினி இதுவே என்று வரலாற்றாளர்கள் குறிப்பிடுகிறார்கள். பின்னர் ஊழியர் சம்பளம், தேநீர்க்கடைகளின் அன்றாட ஆர்டர், தேயிலைக் கலப்புக் கணக்கு ஆகியவையும் அதில் ஏறின.

1954 இல் லியோ கம்ப்யூட்டர்ஸ் என்று தனி நிறுவனம் தொடங்கி, மற்றத் தொழிற்சாலைகளுக்கும் கணினியை விற்றார்கள். ஆனால் கணினித் தொழில் மேலும் மேலும் முதலீடு கேட்டது. ரொட்டியும் தேநீரும் விற்கும் குடும்பத்தால் அமெரிக்கப் பெருநிறுவனங்களுடன் போட்டி போட முடியவில்லை. 1963 இல் லியோ, இங்கிலீஷ் எலக்ட்ரிக் நிறுவனத்துடன் இணைக்கப்பட்டு, நாளடைவில் குடும்பத்தின் கையை விட்டுப் போனது.

லயன்ஸ் கதை இரண்டு உண்மைகளைச் சொல்கிறது. ஆலை நடத்துபவருக்குத் தன் கணக்கின் வலி தெரியும், அதனால் நல்ல மென்பொருள் அங்கே பிறக்கும். ஆனால் பிறந்த பிள்ளையை வளர்க்கப் பல ஆண்டுகள் பணமும் பொறுமையும் வேண்டும். இந்த இரண்டாவது சோதனையை நாற்பது ஆண்டுகள் கழித்து எதிர்கொண்டது இராஜபாளையம் குடும்பம்.

இராஜபாளையத்திலிருந்து சென்னைக்கு

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், விருதுநகர் மாவட்டத்தில் உள்ள ஊர் இராஜபாளையம். சுற்றிலும் பருத்தி விளையும் பூமி. அவ்வூரைச் சேர்ந்த பி.ஏ.சி. இராமசாமி ராஜா 1936 இல் இராஜபாளையம் மில்ஸ் என்ற நூற்பாலையைத் தொடங்கினார். 1957 இல் மெட்ராஸ் சிமெண்ட்ஸ் நிறுவனம் பதிவு செய்யப்பட்டது. அதன் முதல் ஆலை விருதுநகர் அருகே அமைந்தது. 1962 இல் அவர் மறைந்தபோது, மகன் பி.ஆர். இராமசுப்பிரமணிய ராஜாவுக்கு வயது இருபதுகளின் பிற்பகுதிதான். அந்த வயதில் நூலும் சிமெண்டும் அவர் பொறுப்புக்கு வந்தன. 1960களில் கட்டடக் கூரைத் தகடுகள் செய்யும் ராம்கோ இண்டஸ்ட்ரீஸ் சேர்ந்தது. 2017 மே மாதம் மறையும் வரை குழுமத்தை அவரே வழிநடத்தினார்.

மூன்றாம் தலைமுறையான பி.ஆர். வெங்கட்ராம ராஜா வேதிப் பொறியியல் படித்தவர். 1991 இல் இந்தியா பொருளாதாரக் கதவுகளைத் திறந்தது. உரிமம் வாங்கித் தொழில் நடத்திய காலம் போய், போட்டியில் தொழில் நடத்தும் காலம் வந்தது. அடக்க விலை தெரியாத ஆலை நிற்க முடியாது என்ற நிலை. வெளிநாட்டு ஈ.ஆர்.பி. மென்பொருள்களோ நடுத்தர இந்திய ஆலைகளின் கைக்கெட்டாத விலையில் இருந்தன. இந்தியாவின் வரி முறைகளும், ஒரே பொருளைப் பல மாநிலங்களில் விற்கும் சிக்கலும் அவற்றில் சரியாகப் பொருந்தவும் இல்லை.

1992 இல் ராம்கோ இண்டஸ்ட்ரீஸ் நிறுவனத்தின் ஆய்வுப் பிரிவாக ஒரு மென்பொருள் குழு சென்னையில் தொடங்கியது. அந்தக் காலத்தில் இந்திய மென்பொருள் துறையில் பெரும்பாலோர் செய்தது சேவை. அமெரிக்க நிறுவனம் சொல்லும் வேலையை, அதற்கான மணிக்கணக்கில் செய்து கொடுத்துக் கூலி வாங்குவது. ராம்கோ தேர்ந்தெடுத்தது வேறு வழி. சொந்தமாக ஒரு மென்பொருளைச் செய்து, தன் பெயரில் விற்பது. அதன் பெயர் மார்ஷல். இந்தியாவில் உருவான முதல் ஈ.ஆர்.பி. மென்பொருள்களுள் ஒன்றாக அது அறியப்படுகிறது.

சேவைக்கும் சொந்தப் பொருளுக்கும் உள்ள வேறுபாட்டைத் தோட்டத்து மொழியில் சொல்வதானால், முதலாவது நாள் கூலி, இரண்டாவது சொந்தக் காணியில் செடி நடுவது. நாள் கூலியில் மாலையே காசு வரும். தேயிலைச் செடியில் முதல் கொழுந்து பார்க்கவே சில ஆண்டுகள் ஆகும். அதுவரை உரம் போட வேண்டும், களை எடுக்க வேண்டும், வீட்டில் அடுப்பும் எரிய வேண்டும்.

வளர்ச்சியின் படிகள்

1997 இல் ராம்கோ சிஸ்டம்ஸ் தனி நிறுவனமாகப் பதிவு செய்யப்பட்டது. ராம்கோ இண்டஸ்ட்ரீஸின் மென்பொருள் தொழில் அதற்கு மாற்றப்பட்டு, பங்குச் சந்தையிலும் அது பட்டியலிடப்பட்டது. அமெரிக்கா, சுவிட்சர்லாந்து, சிங்கப்பூர் என்று வெளிநாடுகளில் கிளைகள் தொடங்கின. நமது கோலாலம்பூரிலும் அதற்கு அலுவலகம் உண்டு.

2000களின் முற்பகுதியில் நிறுவனம் வெர்ச்சுவல்வொர்க்ஸ் என்ற அடித்தளத்தை உருவாக்கியது. ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் மென்பொருளை முதலிலிருந்து எழுதாமல், ஆயத்தத் துண்டுகளைக் கோத்து உருவாக்கும் முறை இது. அதே அடித்தளத்தின் மேல் விமானப் பராமரிப்பு மென்பொருளையும் செய்தார்கள்.

ஆலைக் கணக்குக்கும் விமானத்துக்கும் என்ன தொடர்பு என்று தோன்றலாம். ஒரு ஹெலிகாப்டரில் ஆயிரக்கணக்கான உதிரிப் பாகங்கள் உண்டு. ஒவ்வொன்றும் எத்தனை மணி நேரம் பறந்தது, எப்போது மாற்ற வேண்டும், கிடங்கில் மாற்றுப் பாகம் இருக்கிறதா என்பதை எழுதி வைக்க வேண்டும். தேயிலை உருட்டும் எந்திரத்தின் பராமரிப்புப் பதிவேடும் இதே கணக்குதான். இங்கே பிழைத்தால் ஒரு நாள் உற்பத்தி போகும், அங்கே பிழைத்தால் உயிர் போகும். ஆலைப் பராமரிப்பைப் புரிந்தவர்களுக்கு அந்தத் துறை அந்நியமாக இல்லை. இன்று விமானத் துறை மென்பொருளில் ராம்கோவுக்கு உலக அளவில் பெயர் இருக்கிறது.

2000களின் இறுதியில் அடுத்த மாற்றம் வந்தது. மென்பொருளை வட்டில் விற்று, வாடிக்கையாளரின் கணினியில் ஏற்றிக் கொடுக்கும் முறை மாறி, இணையத்தின் வழியே மாத வாடகைக்குத் தரும் மேகக் கணிமை முறை வந்தது. ராம்கோ அதில் தொடக்கத்திலேயே இறங்கியது. சிறிய ஆலைகளுக்கு இது நல்ல செய்தி. பெரிய கணினி அறை வேண்டாம், தனிப் பொறியாளர் வேண்டாம். விற்பவருக்கோ இது சோதனை. ஒரே தடவையில் வரும் பெரிய தொகை போய், சிறுகச் சிறுக வரும் வாடகைதான் மிஞ்சும். இடையிலுள்ள ஆண்டுகளில் வருமானம் குறையும், செலவு குறையாது.

ராம்கோ சிஸ்டம்ஸ் பல ஆண்டுகள் நட்டக் கணக்குக் காட்டியது. பங்குதாரர்களிடம் கூடுதல் பங்குகளை வெளியிட்டு மூலதனம் திரட்டியது. அந்தக் காலத்திலெல்லாம் குடும்பமும் குழும நிறுவனங்களும் தங்கள் பங்கை விடாமல் வைத்திருந்தன. சிமெண்டும் நூலும் ஈட்டித் தந்த பலம் பின்னால் நின்றது. லயன்ஸ் குடும்பம் விட்டுக்கொடுத்த இடத்தில், இராஜபாளையம் குடும்பம் விடவில்லை.

2012 இல் குடும்பத்துக்கு வெளியிலிருந்து, மென்பொருள் துறையில் நீண்ட அனுபவம் கொண்ட வீரேந்தர் அகர்வாலைத் தலைமைச் செயல் அதிகாரியாக நியமித்தார்கள். 2021 வரை அவர் பொறுப்பில் இருந்தார். அவர் காலத்தில் நிறுவனம் மேகக் கணிமை, சம்பளப் பட்டியல் மென்பொருள், விமானத் துறை ஆகியவற்றில் கவனத்தைக் குவித்தது. ஆனாலும் நட்டம் அத்துடன் முடிந்துவிடவில்லை. பின்வந்த ஆண்டுகளிலும் நட்டக் கணக்கு வந்தது. தற்போது நான்காம் தலைமுறையைச் சேர்ந்த அபினவ் ராமசுப்பிரமணிய ராஜா நிறுவனத்தின் நிர்வாகப் பொறுப்பில் இருக்கிறார்.

தந்தை கேட்ட கணக்கு

பெரிய குழுமத்தின் பலம் இல்லாமலும் இத்துறையில் வளர முடியும் என்பதற்கு டேலி சான்று. நம் நாட்டிலும் பல இந்தியர் கடைகளிலும் கணக்கர் அலுவலகங்களிலும் இந்தப் பெயரைக் கேட்கலாம். பெங்களூரில் ஷியாம் சுந்தர் கோயங்கா என்பவர் ஆலைகளுக்கும் பஞ்சாலைகளுக்கும் மூலப்பொருளும் எந்திர உதிரிப் பாகமும் விற்று வந்தார். தன் வியாபாரக் கணக்குக்குப் பொருத்தமான மென்பொருள் கிடைக்காததால், கணிதம் படித்த மகன் பரத் கோயங்காவிடம் ஒன்றை எழுதச் சொன்னார். 1986 இல் தந்தையும் மகனும் சேர்ந்து அதை நிறுவனமாக்கினார்கள்.

கணக்கியலின் குழூஉக்குறிகளை மனப்பாடம் செய்யாத கடைக்காரரும் பயன்படுத்தும்படி எளிமையாக இருந்ததே அதன் வெற்றிக்கு முக்கியக் காரணம். முதலில் வரவு செலவு, பிறகு சரக்கு இருப்பு, பிறகு வரி, சம்பளம் என்று படிப்படியாக வளர்ந்தது. 2009 இல் ஈ.ஆர்.பி. என்ற பெயரையும் சேர்த்துக்கொண்டது. 2020 இல் பரத் கோயங்காவுக்கு இந்திய அரசு பத்மஸ்ரீ விருது அறிவித்தது.

குடும்பம் எங்கே பலம், எங்கே பலவீனம்?

இம்மூன்று கதைகளையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் சில பொதுவான உண்மைகள் தெரிகின்றன.

முதல் வாடிக்கையாளர் வீட்டிலேயே இருக்கிறார். மென்பொருள் தொடங்கும் இளைஞருக்குக் கடினமானது முதல் வாடிக்கையாளரைப் பிடிப்பது. ஆலைக் குடும்பத்தில் அந்தப் பிரச்சினை இல்லை. பிழை வந்தால் திட்டுவதற்கு அப்பாவோ சித்தப்பாவோ பக்கத்திலேயே இருக்கிறார். அந்தத் திட்டு ஆயிரம் வெள்ளி ஆலோசனைக்குச் சமம்.

பொறுமையான பணம் கிடைக்கிறது. வெளி முதலீட்டாளர் சில ஆண்டுகளில் லாபம் கேட்பார். குடும்பம் தலைமுறைக் கணக்கில் யோசிக்கும். ஆனால் இதுவே ஆபத்தாகவும் மாறலாம். நட்டத்தை நிறுத்த வேண்டிய நேரத்திலும் மானம் கருதி நிறுத்தாமல் இருப்பது குடும்ப நிறுவனங்களில் உண்டு.

தலைமை மாறும் காலம் இடறும் காலம். எல்லாக் குடும்பத்திலும் அடுத்த தலைமுறைக்குக் கணினி அறிவோ ஆர்வமோ இருக்கும் என்று சொல்ல முடியாது. பொருத்தமான வெளியாளிடம் சாவியைக் கொடுக்கத் துணிவது ஒரு தேர்வு. கொடுத்த பிறகு தலையிடாமல் இருப்பது இன்னொரு தேர்வு.

சொந்த ஆலையின் பழக்கமே எல்லா ஆலையின் பழக்கமும் அன்று. தன் ஆலைக்கு எழுதியதை அப்படியே மற்றவருக்கு விற்க முடியாது. சிமெண்ட் ஆலையில் மூட்டையின் எடை மாறாது. தேயிலை ஆலையில் மழை பெய்தாலே எடை மாறும். அதை ஏற்கும்படி மென்பொருளை விரிவாக்கத் தெரிந்தவர்தான் அடுத்த ஊருக்குப் போக முடியும்.

கேமரன் மலைக்கு இதில் என்ன?

மென்பொருள் இனி விருப்பப்பட்டால் வாங்கும் பொருளாக இருக்கப் போவதில்லை. 2015 ஏப்ரல் 1 இல் 6 விழுக்காட்டு ஜிஎஸ்டி வந்தபோது, கையால் பில் எழுதிய பல சிறு வியாபாரிகள் முதன்முறையாகக் கணக்கு மென்பொருள் வாங்கினார்கள். 2018 ஜூன் 1 இல் அந்த வரி பூச்சியமாக்கப்பட்டு, செப்டம்பர் 1 இல் விற்பனை, சேவை வரி திரும்பி வந்தபோது, அதே மென்பொருளை மாற்ற வேண்டியதாயிற்று. இப்போது உள்நாட்டு வருமான வரி வாரியத்தின் இ-இன்வாய்ஸ் முறை. ஆண்டு விற்பனை 10 கோடி ரிங்கிட்டைத் தாண்டிய நிறுவனங்களுக்கு 2024 ஆகஸ்ட் 1 இலும், இரண்டரைக் கோடியைத் தாண்டியவற்றுக்கு 2025 ஜனவரி 1 இலும், 50 லட்சத்தைத் தாண்டியவற்றுக்கு 2025 ஜூலை 1 இலும் அது நடைமுறைக்கு வந்தது. 2025 பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட்டானது. இப்படி ஒவ்வோர் அறிவிப்பும் சம்பளப் பட்டியலையும் அடக்க விலையையும் மாற்றுகிறது.

கேமரன் மலையில் தேயிலை மட்டுமில்லை. காய்கறித் தோட்டம், பூந்தோட்டம், ஸ்ட்ராபெரிப் பண்ணை, லாரிப் போக்குவரத்து, உணவகம், தங்கும் விடுதி என்று நம்மவர் நடத்தும் சிறு தொழில்கள் பல. தானா ராத்தாவிலிருந்து அதிகாலையில் இறங்கும் காய்கறி லாரியில் எத்தனை கூடை ஏறியது, சந்தையில் எத்தனை விற்றது, எத்தனை அழுகித் திரும்பியது என்ற கணக்கு இன்னும் பல இடங்களில் ஓட்டுநரின் சட்டைப்பையில் உள்ள துண்டுச் சீட்டில்தான் இருக்கிறது. ராம்கோவோ எஸ்.ஏ.பி.யோ அந்தச் சீட்டைத் தேடிக் கொண்டு மலையேறி வரமாட்டார்கள். அந்தச் சீட்டின் கணக்கு புரிந்தவர் இங்கேயே இருப்பவர்.

மலையிலிருந்து மென்பொருள் செய்ய முடியுமா என்ற கேள்விக்கும் பதில் இருக்கிறது. 1996 இல் ஸ்ரீதர் வேம்புவும் உடன்பிறந்தோரும் நண்பர்களும் தொடங்கிய நிறுவனம்தான் இன்றைய ஜோஹோ. அது சென்னையில் வளர்ந்த பிறகு, தென்காசி அருகே மலையடிவாரக் கிராமமான மத்தளம்பாறையிலும் அலுவலகம் அமைத்தது. பட்டப்படிப்பு இல்லாத கிராமத்துப் பிள்ளைகளுக்கும் பயிற்சி கொடுத்து வேலைக்கு எடுத்துக்கொள்கிறது. இராஜபாளையத்திலிருந்து தென்காசி வெகுதூரமில்லை. இரண்டும் ஒரே மலைத்தொடரின் அடிவாரம்.

போ, சுங்கை பாலாஸ் போன்ற தோட்டங்களின் தமிழ்ப்பள்ளிகளில் படித்து வெளியே வந்த பிள்ளைகள், படிப்பு முடித்ததும் ஈப்போவிலும் கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் வேலை தேடுகிறார்கள். கணினி படித்தவர்களும் அவர்களுள் உண்டு. கொழுந்து பறிக்கும் வேலையை இன்று பெரும்பாலும் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் செய்கிறார்கள். தராசு முன் வரிசையில் நிற்பவர் மாறியிருக்கிறார். எழுதுவது சரியா என்ற அவர் கேள்வி மாறவில்லை. எடையைத் தராசே நேரடியாகப் பதிந்து, பறித்தவரின் கைப்பேசிக்கு அவர் மொழியில் அனுப்பும் ஒரு சிறு மென்பொருளை எழுதுவது இன்றைய தொழில்நுட்பத்தில் கடினமான வேலையன்று. ஈரத்துக்கு எவ்வளவு கழித்தார்கள் என்பதையும் அதில் காட்டலாம். அதற்குத் தேவையானது, தராசு முன் நின்றவர்களின் மனம் தெரிந்த ஒருவர்.

அப்படிப்பட்டவர்கள் நம் வீடுகளில் இருக்கிறார்கள். பாட்டி சொன்ன அந்த ரெண்டு ராத்தல் கணக்கைக் கேட்டு வளர்ந்தவர்கள் அவர்கள்.

ஆண்டுவாரியாக ஒரு பார்வை

1894: லண்டனில் லயன்ஸ் குடும்பத்தின் முதல் தேநீர்க்கடை.
1929: கேமரன் மலையில் 'போ' தேயிலை தொடக்கம்.
1933: பாரத் தேயிலை தொடக்கம்.
1936: இராஜபாளையம் மில்ஸ் தொடக்கம்.
1951: லயன்ஸ் நிறுவனத்தின் லியோ கணினி வணிகக் கணக்கைத் தொடங்கியது.
1957: மெட்ராஸ் சிமெண்ட்ஸ் பதிவு.
1963: லியோ, இங்கிலீஷ் எலக்ட்ரிக் நிறுவனத்துடன் இணைப்பு.
1972: ஜெர்மனியில் எஸ்.ஏ.பி. தொடக்கம்.
1986: பெங்களூரில் கோயங்கா குடும்பத்தின் டேலி தொடக்கம்.
1992: ராம்கோ இண்டஸ்ட்ரீஸில் மென்பொருள் ஆய்வுப் பிரிவு.
1997: ராம்கோ சிஸ்டம்ஸ் தனி நிறுவனம்.
2012: குடும்பத்துக்கு வெளியிலிருந்து தலைமைச் செயல் அதிகாரி நியமனம்.
2024: மலேசியாவில் இ-இன்வாய்ஸ் முதல் கட்டம்.